ரெய்ட் சேமிப்பு மெதுவாக ஓடுகிறதா? காசை முதலில் எங்கே போடுவது

பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ, செந்தூலில் கணக்கு அலுவலகம், கிள்ளானில் சின்ன அச்சகம் என்று நம் ஆட்கள் நடத்தும் இடங்களில் இப்போது நான்கு டிஸ்க்கை ரெய்ட் முறையில் ஒன்றாகச் சேர்த்த நாஸ் பெட்டி (எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்பு வைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று மேசைக்கு அடியில் ஓடுவது சாதாரணமாகிவிட்டது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது என்ற நிம்மதிக்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள், ஆனால் வாங்கிய கொஞ்ச நாளில் வரும் புலம்பல் ஒன்றுதான்: "டிஸ்க் நாலு இருக்கு, ஒரு டிஸ்க் வேகம்கூட வரலியே." கடைக்காரரிடம் கேட்டால் எஸ்எஸ்டி கேஷ் (அடிக்கடி தொடும் தரவை வேகமான எஸ்எஸ்டியில் வைக்கும் முறை) போடுங்கள் என்பார். கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ரெய்ட் 5ஐ (ஒரு டிஸ்க் அளவு இடத்தில் பாரிட்டி என்ற மீட்புத் தகவலை வைப்பது) விட்டுவிட்டு ரெய்ட் 10க்கு (ஜோடி ஜோடியாக நகல் வைப்பது) மாறுங்கள் என்பார். யூடியூப்பில் பார்த்தால் 10 கிகாபிட் நெட்வொர்க் இல்லாமல் வாழவே முடியாது என்கிற மாதிரி இருக்கும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் நான் பார்க்கிற சின்ன அலுவலகங்களுக்குப் பெரும்பாலும் முதல் செலவு வயரிலும் ஸ்விட்சிலும்தான் இருக்க வேண்டும். இரண்டாவது செலவு ஒரு ஜோடி எஸ்எஸ்டி, ஆனால் கேஷாக இல்லை, தனி வால்யூமாக (தனிச் சேமிப்புப் பகுதியாக). ரெய்ட் வகையை மாற்றுவது சில பேருக்கு மட்டும் பலன் தரும். கேஷ் கடைசி. ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே விளக்கப் போகிறேன், கணக்கோடு. பேச்சுக்கு ஒரு அமைப்பை வைத்துக்கொள்வோம்: 8 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்ட் 5, உள்ளே லினக்ஸ், கிகாபிட் ஸ்விட்ச், அதில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

வேகம் மூன்று இடத்தில் சிக்கலாம்: டிஸ்க்கில், வயரில், கோப்புப் பகிர்வில். மூன்றையும் சேர்த்து விண்டோஸ் காப்பி ஜன்னலில் வரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. தனித்தனியாக அளக்க வேண்டும், அதற்கு ஒரு மாலை நேரம் போதும், காசு எதுவும் செலவில்லை.

வயருக்கு ஐபெர்ஃப்3 என்ற கருவி. சர்வரில் ஒரு பக்கம், எடிட்டிங் கணினியில் மறுபக்கம் ஓட்டினால் டிஸ்க்கைத் தொடாமலே நெட்வொர்க் எவ்வளவு தாங்குகிறது என்று காட்டிவிடும். கிகாபிட் என்றால் சுமார் 940 மெகாபிட் வர வேண்டும், அது சரியான எண். 94 வந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது: கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடி கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், எனவே ஒரு கம்பி அறுந்தாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பழைய கடைவீடுகளில் கூரைக்குள் எலி ஓடும் இடத்தில் இழுத்த கேபிள் என்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க்குக்கு ஃபியோ என்ற கருவியைச் சர்வரிலேயே ஓட்டுங்கள். சோதனைக் கோப்பு சர்வரின் ராமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 8 ஜிபி ராம் இருந்தால் 32 ஜிபி கோப்பு, இல்லையென்றால் ராமின் வேகத்தை அளந்துவிட்டு டிஸ்க் பறக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். பூஜ்யங்களை டிடி கட்டளையால் எழுதிப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம், சுருக்கம் போட்ட இசட்எஃப்எஸ் மாதிரி கோப்பு முறையில் பூஜ்யங்கள் டிஸ்க்குக்கே போகாது.

அப்புறம் நிஜ வேலை. ஒரு பெரிய வீடியோ கோப்பு, பிறகு சின்னப் படங்கள் நிறைந்த ஒரு ஃபோல்டர், இரண்டையும் எடிட்டிங் கணினியிலிருந்து நகலெடுத்துப் பாருங்கள். பெரிய கோப்பு நன்றாகப் போய் சின்னவை மட்டும் ஊர்ந்தால் விஷயமே வேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

நம் எடுத்துக்காட்டு அமைப்பில் என்ன வரும்? நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் இன்றைய டிஸ்க் ஒன்று வெளி வளையத்தில் நொடிக்கு 200 எம்பிக்கு மேல் படிக்கும், உள் வளையத்துக்குப் போகப் போக அது ஏறத்தாழப் பாதியாகும். ரெய்ட் 5இல் நான்கு டிஸ்க் என்றால் மூன்று டிஸ்க்கின் வேகம், அதாவது தொடர்ச்சியாகப் படிக்கும்போது 300 முதல் 600 எம்பி. கிகாபிட் வயரில் போவது 110 எம்பி சொச்சம் (எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்பி). ஆறு வழி நெடுஞ்சாலையில் வந்த வண்டிகளை எல்லாம் ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்துச் சந்து ஒன்றில் திருப்பிவிட்ட மாதிரிதான். இந்த நிலையில் டிஸ்க் பக்கம் எந்த மாற்றம் செய்தாலும் பெரிய கோப்பு நகலெடுக்கும் எண் நகராது, 110இலேயே நிற்கும்.

காசில்லாமல் கிடைக்கிற வேகம்

ஃபியோ எண்ணே குறைவாக வருகிறது, உள்ளேயே 80 எம்பிதான் என்றால், வாங்குவதற்கு முன் சில இடங்களைப் பார்க்க வேண்டும். ரெய்ட் வரிசையின் வேகத்தை அதில் உள்ள மிக மெதுவான டிஸ்க்தான் தீர்மானிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பட்டையும் (துண்டு துண்டாக எழுதிய தரவின் ஒரு வரிசை) எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கிறது. டிஸ்க்குகளின் சுமையைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியை ஓட்டிப் பாருங்கள், மூன்று டிஸ்க் சும்மா இருக்க ஒன்று மட்டும் எப்போதும் 100 சதவீதம் பிஸியாக, காத்திருக்கும் நேரம் எகிறி நின்றால் அதுதான் குற்றவாளி. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் துண்டு) ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். அந்த ஒரு டிஸ்க்கை மாற்றினாலே பெட்டி பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க்கை நாஸில் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. படிக்க முடியாத ஒரு செக்டர் வந்தால் அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், லினக்ஸ் கெர்னலோ இயல்பாக 30 நொடியில் பொறுமை இழந்து டிஸ்க்கையே மீட்டமைக்கப் பார்க்கும். நாஸுக்கென்று செய்த டிஸ்க்குகள் சுமார் 7 நொடியில் கைவிட்டுத் தவறு என்று சொல்லிவிடும், ரெய்ட் மற்ற டிஸ்க்கிலிருந்து அந்தத் தரவைக் கட்டிக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் "ஹேங் ஆயிடுச்சு" என்று கத்திவிட்டு அரை நிமிடத்தில் தானாகச் சரியாகும் அலுவலகங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சில டிஸ்க்குகளில் ஸ்மார்ட்சிடிஎல் கருவி வழியாக இந்த நேரத்தைக் குறைத்துவைக்க முடியும்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கும் கவனிக்க வேண்டிய விஷயம். ஓட்டுக் கூரை மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் இடம் கூடும், ஆனால் நடுவில் ஒரு துளி மாற்றினாலும் பக்கத்துத் தடங்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக எழுதும், உள்ளே இருக்கும் தாங்கல் பகுதி நிறைந்ததும் வேகம் பாதாளத்துக்குப் போகும். ரெய்ட் மறுகட்டுமானத்தின்போது (செத்த டிஸ்க்குக்குப் பதில் போட்டதில் தரவைத் திரும்ப எழுதும்போது) இது பெரிய அவதி. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸ் டிஸ்க்கான ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தது பெரிய சர்ச்சையானது, அதன் பிறகுதான் எஸ்எம்ஆர் இல்லாதவை ரெட் ப்ளஸ் என்று பெயர் மாறி வந்தன. எனவே லோயாட் கணினிக் கடைகளில் விலை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், மாடல் எண்ணை உற்பத்தியாளரின் பட்டியலில் தேடி, சிஎம்ஆர் (தடங்களை அப்படி அடுக்காத வகை) என்று போட்டிருக்கிறதா பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு முக்கியமானது. உபுண்டு, டெபியன் போட்டுத் தாங்களே கட்டிய சர்வர் என்றால் ரெய்ட் சரிபார்ப்பு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1 மணியளவில் தானாகத் தொடங்கும்படிதான் வழக்கமாக வருகிறது. 8 டிபி டிஸ்க் முழுவதையும் சராசரி 150 எம்பி வேகத்தில் படித்து முடிக்க 15 மணி நேரம் ஆகும். ஞாயிறு பகலில் முகூர்த்தம் முடித்துக் கார்டுகளை இறக்கும் நேரத்தில் சர்வர் முழு டிஸ்க்கையும் உருட்டிக்கொண்டிருக்கும். மற்ற வேலை வரும்போது அது கொஞ்சம் ஒதுங்கும்தான், ஆனாலும் டிஸ்க் ஊசி இங்கேயும் அங்கேயும் ஓட வேண்டியிருப்பதால் இரண்டு வேலையும் கெடும். திங்கள் இரவுக்கு மாற்றிவிடுங்கள். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், கெட்டுப்போன செக்டரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அந்தச் சரிபார்ப்புதான்.

ரெய்ட் 5, ரெய்ட் 6 வைத்திருப்பவர்கள் எழுதும் வேகத்துக்கு ஸ்ட்ரைப் கேஷ் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். லினக்ஸில் இயல்பான மதிப்பு 256, அதை 4096 ஆக்கினால் நான்கு டிஸ்க் வரிசைக்கு 64 எம்பி ராம் பிடிக்கும், 8192 என்றால் 128 எம்பி. கணக்கு எளிது: மதிப்பு, 4 கேபி, டிஸ்க் எண்ணிக்கை மூன்றையும் பெருக்க வேண்டும். முழுப் பட்டை சேரும் வரை தரவைக் கையில் வைத்திருந்து ஒரேயடியாக எழுத இடம் கிடைப்பதால் பெரிய கோப்பு எழுதுவதில் நல்ல முன்னேற்றம் தெரியும், படிப்பதில் எதுவும் மாறாது. கணினியை மறுபடி தொடங்கினால் பழைய மதிப்புக்கே போய்விடும் என்பதால் தொடக்கத்தில் தானாக அமையும்படி எழுதிவையுங்கள். பிட்மேப்பை நீக்கினால் இன்னும் வேகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கரண்ட் போய் வந்தால் எந்தப் பகுதியை மட்டும் ஒத்திசைக்க வேண்டும் என்று சொல்வது அந்தப் பிட்மேப்தான், அது இல்லையென்றால் 8 டிபியையும் திரும்ப உருட்ட வேண்டும், நம் ஊர் இடிமழைக்கு அது கட்டுப்படியாகாது.

வயர்: 2.5 போதுமா, 10 வேண்டுமா

ஸ்டுடியோவின் தேவையைக் கணக்குப் பார்ப்போம். கேமராவிலிருந்து வரும் 4கே கோப்பு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான், மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கேமரா கோணம் திறந்தாலும் 75 எம்பி, கிகாபிட்டுக்குள் மூச்சுத் திணறியாவது போய்விடும். அதையே எடிட்டிங்குக்கான பெரிய கோப்பு வடிவமான புரோரெஸ் 422ஆக மாற்றி எடிட் செய்கிறவர்களுக்கு 4கே, 30 பிரேம் என்றால் ஒரு கோணத்துக்கே சுமார் 590 மெகாபிட், கிட்டத்தட்ட 74 எம்பி. ஒருவர் ஒரு கோணம் ஓட்டலாம், இரண்டாவது கோணம் திறந்தவுடன் கிகாபிட் முடிந்தது.

2.5 கிகாபிட்டின் பெரிய நன்மை, சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும்படி 2016இல் வந்த தரம் அது. கடைவீட்டின் சுவரை உடைக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. ஐந்து போர்ட் ஸ்விட்ச் சில நூறு வெள்ளிக்குள் வந்துவிடும், புதிய மதர்போர்டுகள் பலவற்றில் 2.5 ஏற்கெனவே இருக்கிறது, இல்லாத கணினிக்கு யூஎஸ்பி அடாப்டர் போதும். நாஸ் பெட்டியில் 2.5 போர்ட் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் 280 எம்பி சுற்றி வரும், அதாவது கிகாபிட்டைப் போல இரண்டரை மடங்கு, நான்கு ஹார்ட் டிஸ்க் ரெய்ட் 5 அதை நன்றாகவே நிரப்பும்.

10 கிகாபிட்டுக்கு நான் எதிரி இல்லை. 1 ஜிபிக்கு மேல் போகும் அந்த வயரை நிரப்ப நான்கு ஹார்ட் டிஸ்க் பத்தாது, ஆனால் சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரை மட்டும் 10 போட்டு, அங்கிருந்து ஆட்களுக்கு 2.5 பிரித்துக் கொடுத்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது சண்டை வராது. சர்வரும் ஸ்விட்சும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டு பக்கமும் செருகி பொருத்திய டிஏசி கேபிள் ஒன்று போதும், செப்பு 10 கிகாபிட் மாடியூல் மாதிரி கைவைக்க முடியாத அளவு சூடாகாது, ஏர்கான் அணைத்த அறையில் இது முக்கியம். ஆட்களின் மேசை வரை 10 வேண்டும் என்றால் கேட் 6இல் 55 மீட்டர் வரைதான், 100 மீட்டருக்குக் கேட் 6ஏ இழுக்க வேண்டும். அந்தச் செலவு செய்யத் தயார் என்றால் கூடவே எஸ்எஸ்டி சேமிப்புக்கும் தயாராக இருக்க வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது வீண்.

ஏற்கெனவே இருக்கும் இரண்டு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று கேட்பார்கள். எல்ஏசிபி முறையில் கட்டினால் ஒரு இணைப்பு எப்போதும் ஒரு கம்பியில்தான் போகும், ஒருவர் நகலெடுக்கும் வேகம் 110ஐத் தாண்டாது, மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே கம்பியில் விழுவதும் உண்டு. விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியில் உள்ள மல்டிசேனல் என்பது வேறு: ஒரே நகலெடுப்பை இரண்டு கம்பியிலும் பிரித்து அனுப்பும், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இருக்கிறது, ஆனால் எடிட்டிங் கணினியிலும் இரண்டு போர்ட் வேண்டும். அந்த இரண்டாவது கார்டு வாங்கும் காசுக்கு 2.5 கார்டே வாங்கிவிடலாம். ஜம்போ ஃப்ரேம் (நெட்வொர்க்கில் போகும் பொட்டலத்தைப் பெரிதாக்குவது) பற்றி நிறையப் பேசுகிறார்கள், பலன் கொஞ்சம்தான், ஒரு கருவியில் மட்டும் மாற்ற மறந்துவிட்டால் வரும் தலைவலி பெரிது. நான் தொடுவதில்லை.

ரெய்ட் 10க்கு மாறலாமா

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் தப்பான பதில் சொல்லப்படுகிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரெய்ட் 5இல் ஒரு சின்னத் துண்டை மாற்ற வேண்டும் என்றால் பழைய தரவைப் படித்து, பழைய பாரிட்டியைப் படித்து, புதிய தரவை எழுதி, புதிய பாரிட்டியை எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு நான்கு டிஸ்க் வேலை. ரெய்ட் 6இல் பாரிட்டி இரண்டு என்பதால் ஆறு. ரெய்ட் 10இல் இரண்டே இரண்டு. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் யோசனையை எழுதியபோதே சின்ன எழுத்துக்கு இந்த நான்கு வேலை உண்டு என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். 7200 சுற்று டிஸ்க் ஒன்று நொடிக்கு 80 சிதறிய வேலை செய்யும் என்று வைத்தால் நான்கு டிஸ்க்குக்கு 320. அதை வகுத்தால் ரெய்ட் 10இல் நொடிக்கு 160 எழுத்து, ரெய்ட் 5இல் 80, ரெய்ட் 6இல் 53.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் ரெய்ட் 10 இரண்டு மடங்கு வேகம். ஆனால் இது சிதறிய சின்ன எழுத்துகளுக்கான கணக்கு. 60 ஜிபி கல்யாண வீடியோ தொடர்ச்சியாக எழுதப்படும்போது முழுப் பட்டை நிரம்பியே டிஸ்க்குக்குப் போகிறது, பழையதைப் படிக்கத் தேவையே இல்லை, பாரிட்டி கணக்கும் இன்றைய சிபியுவுக்கு ஒரு பொருட்டில்லை. படிப்பதில் நிலைமை தலைகீழ்: லினக்ஸின் வழக்கமான நியர் அமைப்பில் (இரண்டு நகலையும் அருகருகே ஒரே இடத்தில் வைப்பது) நான்கு டிஸ்க் ரெய்ட் 10 ஒரு பெரிய கோப்பைப் படிக்கும்போது ஏறத்தாழ இரண்டு டிஸ்க் வேகம்தான் தரும், ரெய்ட் 5 மூன்று டிஸ்க் வேகம் தருகிறது. ஃபார் அமைப்பு (இரண்டாவது நகலை டிஸ்க்கின் மறுபாதியில் வைப்பது) போட்டால் ரெய்ட் 10 படிப்பதில் பாய்ந்து போகும், ஆனால் எழுதும்போது ஊசி டிஸ்க்கின் இரு கோடிக்கும் ஓட வேண்டும். ஆக ஸ்டுடியோக்காரர் ரெய்ட் 10க்கு மாறினால் 24 டிபி இடம் 16 ஆகும், எடிட்டிங் வேகமும் அதிகரிக்காது.

அப்படியென்றால் யாருக்கு? பல டிபி அளவில் மெய்நிகர் கணினிகளை ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓட்ட வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு, நிறையப் பேர் ஒரே நேரத்தில் சின்னச் சின்னதாக எழுதும் பெரிய தரவுத்தளத்துக்கு. அப்புறம் ஒரு டிஸ்க் போனபின்பும் வேகம் குறையக் கூடாது என்பவர்களுக்கு. இந்தக் கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். ரெய்ட் 5இல் ஒரு டிஸ்க் போனால் காணாமல் போன ஒவ்வொரு துண்டுக்கும் மீதி மூன்றையும் படித்துக் கணக்கிட வேண்டும், மறுகட்டுமானம் நடக்கும் அந்த ஒரு நாள் முழுக்க அலுவலகம் நொண்டும். ரெய்ட் 10இல் ஜோடி டிஸ்க்கிலிருந்து நேராக நகல், மற்ற ஜோடிக்கு எதுவும் தெரியாது. ஆனால் இரண்டாவதாகச் சாகும் டிஸ்க் அந்த ஜோடியாகவே இருந்தால் எல்லாம் போய்விடும், அதே 16 டிபி இடம் தரும் ரெய்ட் 6 எந்த இரண்டு போனாலும் தாங்கும். பெரிய கோப்புகளைக் காப்பாற்றி வைக்கும் வேலைக்கு நான் 5ஐ விட 6ஐத்தான் பரிந்துரைப்பேன், வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் சரி.

செந்தூல் கணக்கு அலுவலகம் மாதிரி இடத்துக்கு வருவோம். ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள் பின்னால் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ஓடுகிறது, அது தரவை 8 கேபி பக்கங்களாகக் கையாளும். இது அசல் சிதறிய சின்ன எழுத்து, ரெய்ட் 5 ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் அழும். ரெய்ட் 10க்கு மாற்றினால் 80, 160 ஆகும். சாதாரண எஸ்எஸ்டி ஒன்றோ ஆயிரக்கணக்கில், பல சமயம் பத்தாயிரக்கணக்கில் செய்யும். கணக்கு அலுவலகத்தின் மொத்தத் தரவும் சில பத்து ஜிபிதான் இருக்கும். நான்கு டிஸ்க்கையும் அழித்துத் திரும்பக் கட்டுவதற்குப் பதில் இரண்டு எஸ்எஸ்டியை ரெய்ட் 1ஆகப் போட்டு அதில் தரவுத்தளத்தை வைத்தால் முடிந்தது.

அதே இரண்டு எஸ்எஸ்டி: கேஷா, தனி வால்யூமா

கேஷ் என்பது கேட்க நன்றாக இருக்கும்: சூடான தரவு தானாக எஸ்எஸ்டிக்கு வரும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். படிக்கும் கேஷில் முதல் தடவை படிக்கும்போது எப்படியும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும். அதோடு பெரும்பாலான கேஷ் மென்பொருள்கள் பெரிய தொடர்ச்சியான கோப்பைக் கண்டால் வேண்டுமென்றே வழிவிட்டுவிடும், லினக்ஸின் பிகேஷ் மென்பொருளில் இயல்பான எல்லை 4 எம்பிதான். நேற்று எடுத்த கல்யாணத்தை இன்று முதன்முறையாகத் திறக்கும் எடிட்டருக்கு அந்தக் கேஷ் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

எழுதும் கேஷ் வேகம் தரும், ஆனால் டிஸ்க்குக்கு இன்னும் போகாத தரவு அந்த எஸ்எஸ்டியில் மட்டும் இருக்கும். அதனால்தான் இரண்டு எஸ்எஸ்டி கண்ணாடி மாதிரி போடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, ஒரே அளவு எழுத்தைத் தாங்கியது என்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தேயும். கேஷ் கெட்டால் பின்னால் இருக்கும் 24 டிபி வால்யூமும் சேர்ந்து கெடலாம். வேகத்துக்காக வாங்கிய ஒரு துண்டு, காப்பாற்றுவதற்காகக் கட்டிய முழு அமைப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போவது எனக்கு ஒப்பாத விஷயம். இசட்எஃப்எஸ் பயன்படுத்துகிறவர்கள் எஸ்லாக் என்பதை எழுதும் கேஷ் என்று நினைத்து வாங்குகிறார்கள், அது ஒத்திசைவு கேட்டு எழுதும் வேலைக்கு மட்டும்தான் உதவும், விண்டோஸிலிருந்து சாதாரணமாகக் கோப்பு போடும்போது அதைத் தொடக்கூட மாட்டாது. அவர்களுக்கு முதல் செலவு ராம்.

அதே இரண்டு எஸ்எஸ்டியைத் தனி வால்யூமாக, ரெய்ட் 1ஆகப் போட்டு "நடக்கும் வேலை" என்று பெயர் வையுங்கள். புதிய கார்டு அங்கே இறங்கும், எடிட்டிங் அங்கே நடக்கும், இரவில் தானாக ஹார்ட் டிஸ்க் வரிசைக்கு ஒரு நகல் போகும், ஆல்பமும் வீடியோவும் வாடிக்கையாளர் கைக்குப் போனபின் அங்கிருந்து அழிக்கலாம். முதல் தடவை திறந்தாலும் எஸ்எஸ்டி வேகம், மூன்று பேர் ஒரே சமயம் இழுத்தாலும் ஊசி ஓட்டம் இல்லை. எஸ்எஸ்டி இரண்டும் போனாலும் நேற்றிரவு வரைக்குமான நகல் இருக்கிறது. இன்று எதை எங்கே வைப்பது என்று மனிதன் யோசிக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் ஸ்டுடியோவில் எந்தக் கல்யாணம் நடப்பில் இருக்கிறது என்பது எந்த மென்பொருளையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெட்டியில் எஸ்எஸ்டிக்கான இடத்தைக் கேஷுக்கு மட்டும்தான் என்று பூட்டிய மாடல்களும் இருக்கின்றன, வாங்கும் முன் கேளுங்கள்.

சின்னக் கோப்புகள் ஊர்கிற விஷயத்தை முன்னால் சொன்னேன். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எழுதி, மூட நெட்வொர்க்கில் பல முறை போய்வர வேண்டும், இதற்கு 10 கிகாபிட்டும் பெரிதாக உதவாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை விட்டு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியில் எம்டி விருப்பத்தோடு ஓட்டினால் இயல்பாக எட்டுக் கோப்பு ஒரே நேரத்தில் போகும், பழைய படங்களை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பினால் இன்னும் நல்லது. வைரஸ் ஸ்கேனர் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறதா என்றும் பாருங்கள்.

இடிமழையும் ரைட்பேக்கும்

எழுதும் வேகத்தை ஒரே பொத்தானில் கூட்டும் வழி ரைட்பேக் கேஷ். டிஸ்க்குக்குப் போகுமுன்னே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும் மழை நமக்குப் புதிதில்லை, கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் போதும், எழுதியதாகச் சொன்ன தரவு இருக்காது. பாரிட்டி ரெய்டில் பாதிப் பட்டை எழுதப்பட்டு பாரிட்டி பழையதாகவே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. எனவே யூபிஎஸ் இல்லாமல் ரைட்பேக்கைத் தொடாதீர்கள், யூபிஎஸ் என்றாலும் யூஎஸ்பி வழியாகச் சர்வருக்குச் செய்தி சொல்லி ஒழுங்காக அணைக்க வைக்கும் வகை வேண்டும்.

தனி ரெய்ட் கார்டு போட்டவர்களுக்கு ஒரு குறிப்பு: கார்டில் இருக்கும் பேட்டரி பலவீனமானால் அது தானாக ரைட்பேக்கை நிறுத்திவிடும்படிதான் பொதுவாக அமைக்கப்பட்டிருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய சர்வரில் எழுதும் வேகம் மட்டும் திடீரென்று விழுந்தால், டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் அந்தப் பேட்டரியைப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரமே களைத்துவிடும்.

எப்போது செய்வது

ஸ்விட்ச் மாற்றுவது ஒரு மணி நேர வேலை, எந்த நாளிலும் செய்யலாம். எஸ்எஸ்டி வால்யூம் சேர்ப்பதும் பழைய தரவைத் தொடாது. ரெய்ட் 5ஐ 10ஆகவோ, வேறு கோப்பு முறைக்கோ மாற்றுவதுதான் கனமான வேலை, நடைமுறையில் எல்லாத் தரவையும் வெளியே நகலெடுத்து, வரிசையை அழித்து, புதிதாகக் கட்டி, திரும்ப உள்ளே போட வேண்டும். 20 டிபி என்றால் கிகாபிட்டில் ஒரு வழிக்கே 50 மணி நேரம், 2.5இல் சுமார் 20 மணி நேரம், வயரை முதலில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஸ்டுடியோக்களுக்கு அதற்குத் தோதான காலம் ஆடி, இல்லையென்றால் மார்கழி, முகூர்த்தம் இல்லாததால் சர்வரை மூன்று நாள் மூடி வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே எடுத்த நகலிலிருந்து ஐந்தாறு பெரிய கோப்புகளைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் செக்சம் போட்டு எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள், அது சரியாக வந்தபிறகு மட்டும் பழைய வரிசையை அழியுங்கள்.